தான்சானியா: பள்ளிமொழியும் அதிகாரமும்

காலனிய நீக்கத்துக்கு உதாரணம் கேட்டால் நம்மாட்கள் தான்சானியாவைக் காட்டுவார்கள். நானும் காட்டியவன்தான். 1967இல் ஆரம்பப்பள்ளிப் போதனாமொழி சுவாஹிலியானது. ‘ஜூலியஸ் சீசரை’ச் சுவாஹிலிக்குக் கொண்டுவந்த நைரேரேதான் அப்போது அதிபர். சரி, ஆரம்பப்பள்ளி தாண்டியதும்? ஆங்கிலம். நேற்றுவரை வகுப்பில் வாய் ஓயாத பிள்ளை இன்றைக்கு ஊமை. இடைநிலைப் பள்ளியிலும் சுவாஹிலி வேண்டும் என்று 1982இல் மக்வேடா குழு சொன்னது. அரசு கேட்கலை. தொண்ணூறுகளில் தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. அங்கே காசு கட்ட முடிந்தவருக்கு இந்த ஊமைத்தனமே கிடையாது.

இன்னொன்றை நாம் பேசுவதேயில்லை. சுகுமா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வகுப்பறையில் இடமே தரலை. சுகுமா வீட்டுப் பிள்ளைக்குச் சுவாஹிலியும் மேலேயிருந்து இறங்கினதுதான். கேட்டால் தேச ஒற்றுமை என்று வாயடைப்பார்கள். நானும் அப்படி வாயடைத்திருக்கேன்.