சோற்றைப் பிரிந்த ரசம்

சென்னையின் பழைய சைவ ஹோட்டல்களில் ஒரே அண்டாவிலிருந்து வரும் சாம்பாருக்கு இரண்டு விலை உண்டு. கீழே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் ஒன்று. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏசி ஹாலுக்குள் போனால் இன்னொன்று. அரசாங்கமும் கொஞ்சகாலம் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், ஏசி உள்ளதற்கு 18. நவம்பரில்தான் இரண்டையும் 5 ஆக்கினார்கள். வாடிக்கையாளர்கள் இதற்கெல்லாம் பெரிதாகக் கோபப்பட்டதில்லை. குளிர்ச்சிக்கும், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் இடம்பிடிக்க நிற்காத நிம்மதிக்கும் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். சாம்பார் மாறியதாக யாரும் சொல்லவில்லை, நாமும் எதிர்பார்க்கவில்லை.

நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் தென்னிந்திய உணவகங்கள் இந்த எளிய ஒப்பந்தத்தை மாற்றின. அங்கே சாம்பாரும் வேறு என்றார்கள். அது உண்மையா, உண்மையென்றால் என்ன விலையில் உண்மை என்பதுதான் பார்க்கவேண்டியது.

ஒரு காலத்தில் மதராஸின் பெரிய ஹோட்டல்களில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு மரியாதை குறைவுதான். விருந்தென்றால் மேல்நாட்டு உணவு, இல்லையேல் வடநாட்டுத் தந்தூரி. இட்லி, காலை நேரத்து வரிசையில் ஓர் ஓரமாக இருக்கும். இந்த நிலையை உடைத்ததில் பெரிய பங்கு 1989இல் டிடிகே சாலையின் பார்க் ஷெரட்டனில், அதாவது ஊர்க்காரர்கள் அடையாறு கேட் என்றே சொல்லிவந்த ஹோட்டலில், தொடங்கிய தக்ஷிணுக்கு உண்டு. நான்கு தென்மாநிலங்களின் வீட்டுச் சமையலை வெள்ளைத் துணி விரித்த மேசைக்குக் கொண்டுவந்த இடம் அது. அதன் சமையல் தலைவராக நெடுங்காலம் இருந்த பிரவீண் ஆனந்த், வீடு வீடாகப் போய்ச் சமையற்குறிப்புகளைத் திரட்டியவர், பழைய நூல்களைத் துழாவியவர் என்று பெயர் பெற்றார். ஒரு பாட்டியின் கைப்பக்குவத்தை அளவும் நேரமுமாக எழுதிவைத்து, பத்துச் சமையல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கொடுப்பது லேசான வேலையில்லை. மெஸ் முதலாளிக்கு அதற்கு நேரமில்லை. பல்கலைக்கழகங்களுக்கு அதில் ஆர்வமில்லை. உயர்தர உணவகத்தின் ஆகச் சிறந்த நியாயம் இதுதான். அது காசு செலவழித்து ஞாபகத்தைச் சேமித்தது.

ஆனால் சேமித்தது யாருக்குச் சொந்தம்? 2023 டிசம்பரில் அந்த ஹோட்டல் மூடப்பட்டது. நகரத்தின் நடுவில் அத்தனை நிலம், அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறினால் தரக்கூடிய வருமானத்தை எந்த மீன்குழம்பாலும் தரமுடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரட்டிய அறிவு, கட்டடத்தின் வரவுசெலவைப் பொறுத்தே வாழவேண்டியிருக்கிறது என்பது இந்த முறையின் அடிப்படைக் கோளாறு. காரைக்குடி பங்களா ஹோட்டலின் மீனாட்சி மெய்யப்பன், மற்றவர்களோடு சேர்ந்து தங்கள் சமையலைப் புத்தகமாக்கியதால் அங்கே குறிப்புகளாவது வெளியுலகத்துக்கு வந்தன. பெரும்பாலான ஹோட்டல்களில் அவை வியாபார ரகசியமாகச் சமையலறைக்குள்ளேயே கிடக்கின்றன.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். என் முக்கியமான வழக்கு இங்கேதான்.

நம் சமையலின் உப்பும் புளியும் காரமும் சோற்றைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டவை. வத்தக்குழம்பைத் தனியாக ஒரு கரண்டி வாயில் விட்டால் நாக்கு சுருங்கும். ஒரு பிடி சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்தால்தான் அது நிதானத்துக்கு வருகிறது. பொரியல் சாதுவாக இருப்பதற்குக் காரணம் அது குழம்புக்குத் துணை என்பது. அப்பளம் இருப்பது மென்மைக்கு நடுவே நொறுங்குவதற்கு. இவற்றில் எதுவும் தனியாக முழுமையாவதற்காகப் பிறக்கவில்லை. எதை எதோடு, எந்த அளவில் சேர்ப்பது என்ற கடைசிக்கட்டச் சமையல், சாப்பிடுகிறவரின் விரல்களில் நடக்கிறது. ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிடுவது இரண்டு வெவ்வேறு சாப்பாடு.

உயர்தர உணவகம் இதை ஒன்றன்பின் ஒன்றாக வரும் தட்டுகளாகப் பிரிக்கிறது. அப்படிப் பிரித்தவுடன் ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கவேண்டியிருக்கிறது. அதற்காகக் குழம்பின் உப்பைக் குறைக்கிறார்கள், புளியைத் தணிக்கிறார்கள், தேங்காய்ப்பாலால் ஓரங்களை மழுக்குகிறார்கள். கிடைப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோற்றில் ஊற்றினால் சப்பென்று போகிறது! விலையுயர்ந்த ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வரும் பெரியவர்கள், எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று சொல்வதை அறியாமை என்று தள்ளிவிடுகிறோம். அவர்களுடைய நாக்கு சரியாகத்தான் சொல்கிறது.

இந்த வழியில் ஆகத் துணிந்து போனது கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017இல் தொடங்கிய அவர்தனா. ஏழில் தொடங்கிப் பதின்மூன்று வரை தட்டுகள் வரிசையாக வரும் முறை. தெளிந்த தக்காளி ரசத்தை மார்ட்டினி கிளாஸில் கொடுப்பது அதன் அடையாளமாகிவிட்டது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் 2024, 2025 இரு ஆண்டுகளும் அது இடம்பெற்றது. கிளாஸில் வரும் ரசத்தைக் கேலி செய்வது சுலபம்; நான் செய்யமாட்டேன். மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரத் துரைகளுக்கு சூப்பாக்கிக் கொடுத்த ஊர் இது. ரசம் சோற்றைப் பிரிவது முதல்முறையல்ல. அதோடு அவர்தனா எதையும் மறைக்கவில்லை. வீட்டுச் சாப்பாடு என்று அது சொல்லிக்கொள்வதில்லை; நம் ருசிகளை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. அதைப் புது ஆக்கமாகவே எடைபோடவேண்டும். எனக்குப் பிடிக்காதது நடுவில் நிற்கும் வகை. பாரம்பரியம், பாட்டி, செம்பு, வெண்கலம் என்று மெனுவில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சோறு தனி விலை, குழம்பு தனி விலை, கூட்டு தனி விலை என்று பிரித்து, மூன்று பேர் சாப்பிடும் கிண்ணத்தில் ஒரு குழம்பை வைக்கிற உணவகங்கள் நிறைய இருக்கின்றன. தனியாகப் போகிறவர் அங்கே ஒரு குழம்பும் ஒரு பொரியலும் சாப்பிட்டுத் திரும்பவேண்டியதுதான். நூற்றைம்பது ரூபாய் மெஸ்ஸில் அவருக்கு ஏழெட்டு வகை கிடைத்திருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சின்ன விஷயம், கை கழுவுமிடம். சாதாரண ஹோட்டலில் அது ஹாலுக்குள்ளேயே, ஒரு மூலையில், சிவப்பு சோப்புத் தண்ணீரோடு இருக்கும். அழகில்லை என்று கட்டட வடிவமைப்பாளர்கள் அதை எடுத்துவிட்டார்கள். நட்சத்திர ஹோட்டலில் கை கழுவவேண்டுமென்றால் ஹாலைவிட்டு வெளியே போய், நீளமான நடையைக் கடந்து, கழிப்பறைக்குள் நுழையவேண்டும். குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பளிங்குத் தரையில் நடக்க யாருக்குத்தான் மனசு வரும்? வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை மிதக்கும் கிண்ணம் வரும், உண்மைதான். ஆனால் அது விரல்நுனிகளுக்கு. உள்ளங்கை வரை ரசம் சாதம் சாப்பிட்டவர்களுக்கு அல்ல. ஆகவே கரண்டியை எடுக்கிறார்கள். கையால் சாப்பிடக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. கட்டடமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வசதியும் இலையும் ஒத்துவராது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். காரைக்குடி பங்களா அந்தப் பதிலைப் பொய்யாக்குகிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். விலை அந்த ஊருக்கு அதிகம். ஆனாலும் வாழையிலை போட்டு, நுனி இடப்பக்கம் வர வைத்து, முறைப்படி பரிமாறுகிறார்கள். அங்கே உயர்தரம் என்பது பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. கேட்பதற்கு முன் வரும் இரண்டாம் கரண்டி, எந்தப் பூ அலங்காரத்தையும்விடப் பெரிய உபசரிப்பு.

எந்தெந்தச் சமையல் மேசையேறியது என்பதையும் பார்க்கவேண்டும். செட்டிநாடு ஏறியது, கோயில் பிரசாதம் ஏறியது, சில சைவ வீடுகளின் குழம்புகள் ஏறின. வயல்வேலை செய்தவர்களின் நத்தை, வயல்நண்டு, குடல், ரத்தப்பொரியல் நான் கண்ட மெனுக்களில் இல்லை அல்லது மிக அரிது. கருவாடு வாசனைக்காகவே வெளியே நிற்கிறது. நத்தைப் பிரட்டல் வெள்ளைத் துணி மேசைக்கு வந்தது நியூயார்க்கில், நத்தம் பகுதியிலிருந்து போன விஜயகுமாரின் ‘செம்ம’ உணவகத்தில். அதற்கு 2022இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கினார். அதற்குப் பிறகு இங்கே எல்லோரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்ட ஹோட்டல்களில் எத்தனை, நத்தையைத் தங்கள் மெனுவில் சேர்த்தன?

உணவகம் என்பது இந்த ஊரில் என்றைக்கும் வெறும் உணவு விஷயமாக இருந்ததில்லை. ஹோட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த, மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிரிக்கெட் சங்க மன்றம் திருப்பியனுப்பிய பிறகு, வேட்டியைக் காட்டி நுழைவை மறுக்கக்கூடாதென்று 2014இல் சட்டமே போடவேண்டியிருந்தது. இன்று பலகையும் இல்லை, வேட்டிக்குத் தடையும் இல்லை. விலை மட்டும் இருக்கிறது. விலை சாதி கேட்பதில்லை என்பது உண்மையான முன்னேற்றம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியின் கண், வருகிற காரையும் காலிலிருக்கும் செருப்பையும் இன்னமும் அளக்கிறது.

மறுபக்கம், இந்த இடங்கள் தரும் ஒன்றை வேறெங்கும் வாங்கமுடியாது. அவசரமின்மை. முழங்கால் வலிக்கும் தாயாரை உட்காரவைத்து, அவர் மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்க நகரத்தில் வேறு என்ன இடம் இருக்கிறது? வீட்டில் விருந்து என்றால் பெண்கள் அடுப்படியிலேயே நின்று கடைசியில் சாப்பிடுவார்கள். இங்கே அவர்களும் சூடாக, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே பிறந்தநாளுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் குடும்பங்கள் இங்கே வருவதை நான் வீண் பகட்டு என்று சொல்லத் தயாரில்லை.

பில்லில்தான் எரிச்சல் திரும்புகிறது. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் கொண்ட ஹோட்டலுக்குள் உணவகம் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தெருவில் தனியாக இருந்தால் 5. இருவர் 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டார்கள் என்று வையுங்கள். அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு வரியும் போட்டால் 7,788 ரூபாய். வெளியே, சர்வீஸ் சார்ஜ் இல்லாத கடையில், அதே சாப்பாடு அதே விலையில் 6,300. சரி, ஏன் தெருவில் நல்ல உணவகங்கள் அதிகம் வரவில்லை? ஒரு காரணம் தமிழ்நாட்டின் மதுக் கொள்கை. இங்கே மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களையும் மன்றங்களையும் சேர்ந்தது. முப்பது நாற்காலி போட்டுத் தனியாகக் கடை திறக்கும் சமையல்காரருக்கு அது எட்டாது. பெங்களூரிலும் மும்பையிலும் மது வருமானம் சமையலின் நஷ்டத்தைத் தாங்குகிறது. சென்னையில் தனி உணவகம் சோற்றை மட்டும் விற்று வாடகை கட்டவேண்டும். அதனால்தான் நம் உயர்தரச் சமையல் இவ்வளவு காலம் ஹோட்டல்களின் தயவில் இருந்தது. ஹோட்டல் விருந்தினரின் கரண்டிக்கு ஏற்றபடி வளைந்ததும் அதனால்தான்.

அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. மதியம் போங்கள், நான்கு பேராகப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், சோற்றைச் சூடாகக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சர்வர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தானே சாப்பிடுகிறார்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கக்கூடாது என்ற 2022ஆம் ஆண்டு நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது. அந்தப் பத்து சதவீதத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, ரசத்தைக் கேட்காமலே இரண்டாம் முறை கொண்டுவந்தவர் எவரோ, அவர் கையில் கொடுங்கள்.