அட்டை எழுதின கைகள்

ப்ராக் நகரத்து யூத அருங்காட்சியகம் என்று பேச்செடுத்தால் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். யூதர்களைப் பூண்டோடு அழித்துவிட்டு, 'அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்' ஒன்றை வைக்க ஹிட்லர் நினைத்தானாம். அதற்குத்தான் இத்தனை பொருளும் சேர்ந்ததாம். கேட்க விறுவிறுப்பாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கதை கொன்னவனையே கர்த்தாவாக்கிவிடுகிறது.

அந்த அருங்காட்சியகத்தை 1906இலேயே தொடங்கியவர்கள் யூதர்கள். பழைய யூதக் குடியிருப்பை இடித்து நகரத்தைப் புதுப்பித்தபோது, இடிபட்ட ஜெப ஆலயங்களின் பொருட்களைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1942இல் பொஹீமியா, மொராவியா ஊர்களிலிருந்து ஜனங்களை ரயிலேற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் விட்டுப்போன தோரா சுருள்களையும் திரைச்சீலைகளையும் வெள்ளிச் சாமான்களையும் ஓரிடத்தில் சேர்க்கும் யோசனையும் ப்ராக் யூதர்களிடமிருந்துதான் வந்தது. நாஜிகள் அனுமதித்தார்கள், மேற்பார்வையும் அவர்களுடையதே. அவர்கள் நோக்கம் எதுவாகவோ இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, என்ன பொருள், எந்த ஊருடையது என்று அட்டை எழுதியது யூதர்கள். எழுதினவர்களில் பெரும்பாலோர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டுச் செத்தார்கள். பிழைத்த ஹானா வொலாவ்கோவா போருக்குப்பின் அருங்காட்சியகத்தை நடத்தினார்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெள்ளி மின்னும். பார்க்கிறவன் அழகென்று சொல்லிப்புட்டுப் போயிடலாம். பின்காஸ் ஜெப ஆலயத்துச் சுவர் அப்படிப் போகவிடாது. கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்களை 1950களில் அங்கே கையால் எழுதினார்கள். 1968இல் நிலத்தடி நீர் ஏறுதுன்னு மூடினார்கள். பழுதுபார்க்கிறோம் என்ற பேரில் பெயர்களும் போயின. கம்யூனிஸ்ட் ஆட்சி விழும்வரை கதவு திறக்கவில்லை. 1992 முதல் 1996 வரை மறுபடியும் ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். 1950இல் அரசு எடுத்துக்கொண்ட அருங்காட்சியகம் 1994இல்தான் யூத சமூகத்தின் கைக்குத் திரும்பியது.

தெரெசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். வரைந்த தாளில் உன் பேரை எழுது என்பது அவர் வைத்த கட்டாயம். 1944இல் ஆஷ்விட்சில் அவரைக் கொன்றார்கள். ஏறத்தாழ 4,500 படங்கள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாஜிகள் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு எண். தாளில் இருப்பது பேர்.

ஒடுக்கப்பட்டவர் வரலாற்றை ஒடுக்கினவனிலிருந்தே தொடங்கும் பழக்கம் நமக்குத் தெரியாததல்ல. எல்லாமே அவன் செய்தது, இல்லாட்டி அவன் கொடுத்தது. இங்கே சாகப்போகிறவர்கள் எழுதின அட்டைகள் அதை மறுக்கின்றன. எந்த அருங்காட்சியகத்துக்குள் போனாலும் பொருளை மட்டும் பார்த்துட்டு வராதீங்க. அட்டையை எழுதினது யாருன்னு கேளுங்க.