ஓய்வுபெற்ற துப்பறிவாளரும் மறைத்துக் கூறும் கூற்றும்

துப்பறியும் புதினத்தைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் கற்றோர் நடுவே நெடுங்காலமாக இருந்துவருகின்றது. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945-ஆம் ஆண்டில் இவ்வகை நூல்களைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவர் யாராயின் நமக்கென்ன என்னும் பொருள்பட அதன் தலைப்பு அமைந்திருந்தது. அத்தலைப்பில் இடம்பெற்ற பெயர், அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' என்னும் புதினத்திற்கு உரியது. வில்சனுடைய வினாவை வினாவாகவே ஏற்று விடைகாண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கதையின் முடிவைக் கூறாது இந்நூலை ஆராய்தல் இயலாது. ஆதலின் அம்முடிவு இங்கு வெளிப்படையாகவே கூறப்படும்.

கிங்ஸ் ஆபட் என்பது இங்கிலாந்து நாட்டுப்புறத்துச் சிற்றூர் ஒன்றாகக் கதையில் படைக்கப்பட்டுள்ளது. எர்க்யூல் பொய்ரோ என்னும் பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் தொழிலினின்று ஓய்வுபெற்று, ஒருவகைப் பூசணியைப் பயிரிட்டுக்கொண்டு அவ்வூரில் மறைந்து வாழ்கின்றார். அவருடைய மீசையைக் கண்ட அடுத்த வீட்டு மருத்துவர் ஷெப்பர்டு, அவர் முடிதிருத்தும் தொழிலினின்று ஓய்வுபெற்றவராதல் வேண்டும் என எண்ணுகின்றார். கணவனை நஞ்சூட்டிக் கொன்ற திருமதி பெரார்ஸ் என்னும் கைம்பெண், அதனை அறிந்த ஒருவனுக்கு அஞ்சிப் பொருள் கொடுத்துவந்து, இறுதியில் வெரோனால் என்னும் உறக்க மருந்தை மிகுதியாக உண்டு மாய்கின்றாள். அவளை மணக்கவிருந்த ஆக்ராய்டு மறுநாள் இரவு தம் அறையிற் குத்துண்டு இறக்கின்றார். ஐயம் அவருடைய வளர்ப்பு மகன் ரால்ப் பேட்டன்மீது விழுகின்றது. ரால்பை மணக்க இசைந்திருந்த ஃபுளோராவின் வேண்டுகோளால் பொய்ரோ மீண்டும் தொழிலில் இறங்குகின்றார். கதை முழுவதையும் தன் கூற்றாக உரைத்துவரும் மருத்துவரே கொலைஞன் என்பதும், பொருள் பறித்தவனும் அவனே என்பதும் இறுதியிற் புலனாகின்றன.

இம்முடிவு படிப்போரை வஞ்சிக்கின்றது என்பது இந்நூல்மீது சாட்டப்பெற்ற பெருங்குற்றம். துப்பறிவாளரின் நண்பர் தம் மனத்தில் எழும் எண்ணம் எதனையும் மறைத்தல் ஆகாது என்று, ரொனால்டு நாக்ஸ் 1929-இல் வெளியிட்ட பத்து விதிகளுள் ஒன்று கூறும். எல்லாரையும் ஐயுறுதல் படிப்போர் கடமையே என்று டாரதி சேயர்ஸ் இந்நூலின் பக்கம் நின்றார். இவ்விரு சாராரும் படைப்பாளருக்கும் படிப்போருக்கும் இடையே உள்ள ஓர் ஆட்ட ஒப்பந்தமாகவே இதனைக் கருதினர். கூற்றுக்கு உரியோர் யார், கேட்போர் யார் என்று வினவிய பின்னரே பாட்டின் பொருளுட் புகுவது தமிழ் அகப்பொருள் உரைமரபு. அம்முறையில் நோக்கின் வழக்கு வேறு வடிவம் பெறும். ஷெப்பர்டு யாரை நோக்கி, எக்காலத்து, எப்பயன் கருதி எழுதுகின்றான் என்பதே முதற்கண் ஆராயற்பாலது.

அதற்கு விடை நூலுள்ளேயே உளது. பொய்ரோ தோல்வியுற்ற வழக்கு ஒன்றின் வரலாறாகத் தன் ஏட்டை வெளியிடக் கருதியிருந்ததாக அவனே இறுதி இயலில் கூறுகின்றான். எனவே, அவன் மறைத்தல் படைப்பாளர் படிப்போர்மீது வீசிய சூழ்ச்சி மட்டும் அன்று. அவ்வூராரையும் துப்பறிவாளரையும் ஏமாற்ற முற்பட்ட ஒரு மாந்தனின் செயலும் ஆகும். மறைத்தலுக்குக் கதையுள்ளேயே காரணம் அமைந்துவிட்டமையின், அது பாத்திரப் பண்பாகி விடுகின்றது.

அவன் மறைக்கின்றானா, பொய்யுரைக்கின்றானா என்பது அடுத்த வினா. மூன்று இடங்கள் இதனைத் தெளிவாக்கும். கடிதம் வந்த நேரத்தையும் தான் அறையை விட்டு நீங்கிய நேரத்தையும் அவன் உள்ளவாறே குறிக்கின்றான். இடைப்பட்ட பத்து நிமிடத்தில் நிகழ்ந்ததைக் கூறானாயினான். வீட்டு வாயிலினின்று வெளிவாயிலை அடைய ஐந்து நிமிடமே போதும். தனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று என்பதை அவன் தந்த நேரக்கணக்கே காட்டிக்கொடுக்கின்றது. பிணத்தைக் கண்ட பின், வேலையாளைக் காவலர்க்குத் தொலைபேசியிற் சொல்ல அனுப்பிவிட்டுச் செய்யவேண்டிய சிறு செயலைச் செய்ததாக எழுதுகின்றான். அச்செயல் குரற்பதிவுப் பொறியை எடுத்து மறைத்தலும் நாற்காலியை உரிய இடத்துக்குத் தள்ளலுமாகும். இம்மூன்றனுள் ஒன்றேனும் பொய்யன்று. சொல் குறைந்த இடத்தில் எண் மிகுந்து நின்று சான்று பகர்கின்றது. ஆதலின், உண்மையை நாம் கேளாதிருந்தோமேயன்றி அது நமக்கு மறுக்கப்படவில்லை.

இனி, துப்பறிவாளர் ஓய்வுபெற்றவர் என்பது கதைக்கு வெறும் அணியன்று. அதன் அடித்தளமே அதுதான். பதவியும் அலுவலகமும் அற்ற அயல்நாட்டவர் ஒருவர், அறியாத சிற்றூரில் ஒவ்வொரு வீட்டுள்ளும் புகுதற்கு ஒரு துணை வேண்டும். பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினாவில் இருக்கின்றார். அவர் இல்லாத தனிமையைப் பொய்ரோ வெளிப்படையாகவே உரைக்கின்றார். அவ்வெற்றிடத்தில் வந்து அமர்பவன் ஷெப்பர்டு. அவனுக்கு எல்லாக் கதவுகளும் திறப்பதற்குக் காரணம் அவன் மருத்துவன் என்பதே. ஊர் மருத்துவன்மீது வைத்த நம்பிக்கையும், படிப்போர் கதைகூறுவோன்மீது வைத்த நம்பிக்கையும் ஒன்றே. இரண்டும் ஆராயாது வழங்கப்பெற்றவை. இந்நூல் நம்மைச் சுடுவதும் இவ்விடத்திலேதான்.

மருத்துவனின் தமக்கை கரோலின் இக்கருத்துக்கு மறுதலையாக நிற்கின்றாள். அவள் வீட்டை விட்டு வெளியேறாமலே பாற்காரன், வேலைக்காரி ஆகியோர் வாயிலாக ஊரின் செய்திகள் அனைத்தையும் திரட்டுகின்றாள். மாஜோங் ஆடும் மாலைப்பொழுது ஒன்று ஊரார் வம்புரையின் இயல்பை நன்கு காட்டும். திருமதி பெரார்ஸ் கணவனைக் கொன்றவள் என்பதையும் அவள் முன்னரே ஊகித்திருந்தாள். ஆயினும், தன் வீட்டு மேசையில் எதிரே அமர்ந்து உண்பவனை அவள் அறிந்திலள். மிஸ் மார்ப்பிள் என்னும் பாத்திரத்திற்கு முன்னோடி இவளே என அகதா கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் கருதுவது பொருத்தமுடைத்து. அன்பு உள்ள இடத்தில் அறிவு கூர்மை இழக்கின்றது. அயலாராகிய பொய்ரோவுக்கு அத்தடை இல்லை.

அதே 1926-இல் கானன் டாயில் வெளியிட்ட 'சிங்கத்தின் பிடரி' என்னும் சிறுகதையை இதனோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. அங்கும் ஷெர்லக் ஹோம்ஸ் ஓய்வுபெற்றுச் சசெக்ஸ் கடற்கரைப் பகுதியில் தேனீ வளர்க்கின்றார். அங்கும் மறைபொருள் அவரைத் தேடிவருகின்றது. ஆனால் வாட்சன் இல்லை, ஹோம்ஸே கூறுகின்றார். கொன்றது மாந்தன் அன்று, கடலில் வாழும் இழுதுமீன். தாம் நூலொன்றில் கண்டறிந்ததை ஹோம்ஸும் உடனே உரைக்காமல் பின்னர்த்தான் உரைக்கின்றார். எனின், மறைத்தற் குற்றம் நேர்மையான ஹோம்ஸுக்கும் உண்டு. அதனை எவரும் பெரிதுபடுத்திற்றிலர். ஆண்டு மறைபொருள் கண்டார் நெஞ்சில் வடு இல்லை. ஷெப்பர்டின் மறைப்போ நம் நம்பிக்கையை இழிவுபடுத்துதலின் நெடுங்காலம் பேசப்பெறுகின்றது. விதி மீறப்பட்டமை அன்று, உறவு மீறப்பட்டமையே குற்றச்சாட்டின் வேர் என்பது இதனாற் பெறப்படும்.

நூலிற் குறைகள் இல்லாமல் இல்லை. இறந்தவர் குரலைக் குரற்பதிவுப் பொறியால் ஒலிக்கச் செய்தல் செயற்கையாகவே தோன்றுகின்றது. ஷெப்பர்டின் ஒப்புதலையும் நம்பவேண்டுவதில்லை என்று பிரெஞ்சுத் திறனாய்வாளர் பியர் பயார் 1998-இல் வாதிட்டுக் கரோலினையே சுட்டினார். கூறுவோனை ஒருமுறை ஐயுற்றால் எல்லை காண்டல் அரிது என்பதற்கு அவ்வாதம் நற்சான்று. எனினும், நேரக்கணக்குத் தரும் சான்றை அது வீழ்த்தியதாகக் கொள்ளுதற்கில்லை.

முடிவே மிகுந்த சிந்தனைக்கு உரியது. உண்மை காலையிற் காவலரிடம் சேரும் என்று கூறும் பொய்ரோ, கரோலினின் பொருட்டு மருத்துவன் தன்னைத்தான் மாய்த்துக்கொள்ளும் வழியை உணர்த்துகின்றார். அவன் தேர்வதும் திருமதி பெரார்ஸ் உண்ட வெரோனாலே. பதவியில் உள்ள காவலர் இவ்வாறு செய்தல் இயலாது. ஓய்வுபெற்றவர் செய்கின்றார், நீதிமன்றத்தின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்கின்றார். இரக்கம் கரோலினைக் காக்கலாம். பழிசுமந்த ரால்பின் மீதிருந்த கறை துடைக்கப்படல் வேண்டும் என்று பொய்ரோ கூறினும், அது ஊரறிய நிகழ்ந்தவாற்றை நூல் காட்டாது நின்றுவிடுகின்றது. இவ்விடத்துப் பொய்ரோவும் ஒருவகையில் ஷெப்பர்டைப் போல மறைப்பவராகின்றார்.

கொன்றவர் யார் என்பது ஒருமுறை அறிந்தால் தீர்ந்துவிடும் வினா. அவ்வளவில் வில்சன் கூறியது பொருந்தும். நாம் யாருடைய சொல்லை, எதனால் நம்பினோம் என்பதோ முடிவறிந்து மீண்டும் படிக்குந்தோறும் வளரும் வினா. அதனை எழுப்பும் ஆற்றலால் இந்நூல் திறனாய்வுக்கு உரியதாகின்றது எனத் துணியலாம்.