பழைய மரமா, பழைய நாதஸ்வரமா?

"பழைய வாத்தியம்னா நாதம் நல்லா கனிஞ்சிருக்கும்." பையனுக்கு நாதஸ்வரம் தேடும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிடும். இதில் பாதிதான் உண்மை.

நல்ல நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் நரசிங்கம்பேட்டை. 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து ஈரம் முழுக்க வற்றிய மரம். ஆக, மரம் பழசாக இருக்க வேண்டும் என்பது சரி. வாத்தியமே பழசாக இருக்க வேண்டும் என்பது வேறு பேச்சு. வாசித்த வாத்தியத்துக்குள் வருஷக்கணக்கில் எச்சில் ஈரம் போய் வந்திருக்கும், விரிசல் விடலாம். மேலைநாட்டு ஓபோவிலும் இதே சிக்கல்தான். அதனால்தான் அங்கே மாணவர்களுக்குப் பிளாஸ்டிக் உடல் வைத்த ஓபோவும் விற்கிறார்கள்.

அடுத்தது நீளம். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு நீளமான, சுருதி தணிந்த பாரிதான் எங்கும். குட்டையான திமிரி ஒதுங்கிவிட்டது. பழசாகக் கைக்கு வருவதும் பெரும்பாலும் ஒரு பெரியவர் வாசித்த பாரியாகத்தான் இருக்கும். பத்து வயசு விரலுக்கு அது எட்டுமா? துளை சரியாக மூடாவிட்டால் காற்று கசியும், சுரம் பிசகும். "பையனுக்குச் சுர ஞானம் இல்லை"ன்னு முடிவு கட்டிடுவாங்க. குறை விரல் நீளத்தில் இருக்க, பழி பிள்ளை மேல்.

காரிமங்கலத்திலிருந்து நரசிங்கம்பேட்டை கூப்பிடு தூரம் இல்லை. வாங்கிய பிறகு ஆசாரியிடம் ஓடுவது லேசில்லை. அதனால் வாங்கும் முன்னே பாருங்க: உலவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே விரிசல் இருக்கான்னு பாருங்க. ஏழு விரல் துளையும் பிள்ளையின் விரலால் முழுசாக மூடுதான்னு பாருங்க. கீழே உள்ள ஐந்து துளைகளில் மெழுகு இருந்தால் பயப்பட வேண்டாம். அது சுருதி சேர்க்க வைப்பது. சுருதி குருவின் வாத்தியத்தோடு சேருதான்னு அவரையே ஊதிப் பார்க்கச் சொல்லுங்க. சீவாளி மட்டும் புதுசாகவே வாங்குங்க. அடுத்தவர் வாயில் ஊறியது வேண்டாம்.

விரல் எட்டலையா? ஒரு வருஷம் பொறுங்க. அதுவரை வாய்ப்பாட்டு நடக்கட்டும். நாதஸ்வரப் பயிற்சியே பாட்டில் தொடங்கும் வழக்கம் உண்டு. மலிவாக வருதுன்னு எட்டாத வாத்தியத்தை வாங்கினால், நஷ்டம் பணம் மட்டும் இல்லை.