நகர் நீங்கியவனும் நகரில் நின்றவனும்

உரோமாபுரியின் கப்பேனா வாயிலருகே ஒரு வண்டி நிற்கிறது. ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தும் அந்த ஒற்றை வண்டியில் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு உரியவன் உம்பிரீசியஸ் என்பான். தலைநகரில் நேர்மையாய்ப் பிழைக்க வழியில்லை என்று வெறுத்து, கூமே என்னும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்கிறான். வழியனுப்ப வந்த நண்பரிடம் அவன் கொட்டித் தீர்க்கும் குமுறலே ஜூவெனல் என்னும் இலத்தீன் கவிஞரின் மூன்றாவது அங்கதப் பாட்டு. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சாமான்களைக் கட்டிப் பழகிய நமக்கு இக்காட்சி புதியதன்று.

காப்பியத்தையும் நாடகத்தையும் கிரேக்கரிடம் கற்ற உரோமர், அங்கதம் மட்டும் முற்றிலும் தம்முடையதே என்று பெருமை கொண்டனர். லுசீலியஸ், ஹொரேஸ், பெர்சியஸ் என வளர்ந்த அம்மரபின் கடைசிப் பெருங்கவிஞர் ஜூவெனல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அவர் விட்டுச்சென்றவை 16 பாட்டுகள். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுப்பார். புன்னகைத்துக்கொண்டே குத்துபவர் ஹொரேஸ். ஜூவெனலோ வெளிப்படையாகச் சினந்து பழிப்பவர். ஆகவே அவரைச் செம்பொருள் அங்கதத்தின் கவிஞர் எனலாம்.

மூன்றாம் பாட்டில் அவர் காட்டும் நகரம் நாம் அறிந்த நகரமே. முட்டுக்கொடுத்து நிறுத்திய அடுக்குமாடிகள் சரிகின்றன. தீப்பிடித்தால் மேல்மாடிக்காரனுக்குச் செய்தி கடைசியில்தான் எட்டுகிறது. பகலில் பார வண்டிகள் நகருக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருந்தமையால், அவை இரவெல்லாம் உருண்டு ஏழையின் உறக்கத்தைக் கெடுக்கின்றன. ஏழை ஒருவனின் வீடு எரிந்துபோனால் ஒரு பிடி சோறு கொடுப்பாரில்லை. செல்வன் ஒருவனின் மாளிகை எரிந்தாலோ நகரமே துக்கம் கொண்டாடுகிறது. இழந்ததைவிட மிகுதியாக அவனுக்குப் பரிசுகள் குவிகின்றன. தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தானோ என்று ஐயுறும் அளவுக்குக் குவிகின்றன!

இதுவரை நாம் உம்பிரீசியஸின் பக்கம் நின்று தலையசைக்கிறோம். ஆனால் இதே பாட்டில் நம்மைச் சுடும் பகுதியும் ஒன்றுண்டு. நகரம் கெட்டதற்குக் காரணம் வந்தேறிகளான கிரேக்கர் என்று அவன் நெடுநேரம் தூற்றுகிறான். எந்தத் தொழிலுக்கும் துணிவார்கள், நயமாகப் பேசி நம் இடத்தைப் பறிப்பார்கள் என்பது அவன் குற்றச்சாட்டு. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த குரல்களைப் பற்றி நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்குரல்களை ஈராயிரம் ஆண்டுப் பழமையான பாட்டொன்றில் கேட்கையில் புத்தகம் கைநழுவுகிறது. நாம் உம்பிரீசியஸா, அவன் பழிக்கும் கிரேக்கரா?

இக்கேள்வியோடு மொழிபெயர்ப்பாளர்களை அணுகுவது பயனுடையது. பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ 1666-இல் வெளியிட்ட அங்கதங்களில் இப்பாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். நகர் நீங்குபவனின் முறையீடு முதற்பாட்டாயிற்று. பாரிஸ் தெருக்களின் நெரிசலும் இரைச்சலும் ஆறாம் பாட்டாயின. புவாலோவின் சினம் திடீர்ப் பணக்காரர் மேல் பாய்கிறது.

ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1688-இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அரசவைக் கவிஞர் பதவியை இழந்தவர். நேர்மையாளனுக்கு நகரில் இடமில்லை என்னும் குரல் அவருக்கு இயல்பாகவே வாய்த்தது. 1693 என்று ஆண்டிட்டு வந்த அவர் தொகுப்பில் மூன்றாம் பாட்டும் அவர் கைவண்ணமே. ஜூவெனல் இங்கிலாந்தில் வாழ்ந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படிப் பேசவைக்க முயன்றதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். மூலத்தின் வேகம் குன்றாமல் தந்தவர் டிரைடன் என்பது நம் கருத்து.

சாமுவேல் ஜான்சன் இன்னும் துணிந்தார். 1737-இல் சிற்றூரான லிச்ஃபீல்டிலிருந்து லண்டனுக்குப் பிழைப்புத் தேடி வந்த அவர், மறு ஆண்டே தம் 28-ஆம் வயதில் ‘லண்டன்’ என்ற பாட்டைப் பெயர் போடாமல் வெளியிட்டார். பதிப்பாளர் தந்த தொகை 10 கினி. உரோம் லண்டனாயிற்று, கூமே வேல்ஸ் நாடாயிற்று, கிரேக்கர் பிரெஞ்சுக்காரராயினர். பிரெஞ்சுக்காரரைப் பழிக்கும் அடிகள் இன்று வெறும் வசையாக உலர்ந்து கிடக்கின்றன. வறுமை திறமையை அழுத்துவதைச் சொல்லும் இடத்திலோ அவர் தம் சொந்தப் பசியால் எழுதினார். அங்கே ஓரடியைப் பெரிய எழுத்துகளில் அச்சிடவும் செய்தார். அவ்விடம் இன்றும் உயிரோடிருக்கிறது. இரவல் வெறுப்பு வாடிவிடும், பட்ட துன்பம் வாடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூலத்திலேயே ஜூவெனல் ஒரு முள்ளை மறைத்து வைத்திருக்கிறார். கிரேக்கரைச் சகியாமல் ஓடும் உம்பிரீசியஸ் போய்ச் சேரும் கூமே, கிரேக்கர் குடியேறி உண்டாக்கிய பழம்பதி! தூற்றுபவன் தான் புகலடைவது எவர் கட்டிய ஊர் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மேலும், பேசுபவன் வண்டியோடு போய்விடுகிறான். கேட்டுக்கொண்டிருந்த கவிஞரோ நகரில் நிற்கிறார். ஜான்சனும் அவ்வாறே. பாட்டின் தலைவன் வேல்ஸுக்குப் போனான்; பாடியவர் 1784-இல் இறக்கும்வரை லண்டனையே தம் ஊராக்கிக்கொண்டார்.

இப்பாட்டைத் தமிழாக்கப் புகும் ஒருவர் கிரேக்கரின் இடத்தில் யாரை வைப்பார்? நமக்குப் பின் இந்நகருக்கு வந்து, நம் கட்டடத்தின் படிக்கட்டடியில் படுத்துறங்கும் பிற மாநிலத்துக் கூலியாட்களைப் பற்றி, நாமும் மாலை வேளைகளில் உம்பிரீசியஸின் குரலில் பேசுவதுண்டு. அவ்வாறு பேசும்போது நாம் குடியிருப்பது எவர் கட்டிய ஊர் என்று ஒருகணம் நினைத்துக்கொள்வோமானால், பழைய உரோமக் கவிஞரைப் படித்த பயனை அடைந்தவர்களாவோம்.