நலிகலியும் செயல்வழிக் கற்றலும்: பெயர் உணர்த்தும் பயில்முறை

கருநாடகத்தின் ‘நலிகலி’, தமிழகத்தின் ‘செயல்வழிக் கற்றல்’ ஆகிய இரண்டும் ரிஷிவேலியின் அட்டைவழிக் கல்வியை முன்மாதிரியாகக் கொண்டவை. முன்னது 1995இல் மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டை வட்டத்தில் தொடங்கியது. பின்னது 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது.

பெயர்கள் மட்டும் வேறுபடுகின்றன. கன்னடத்தில் ‘நலி’ என்பது மகிழ்தலையும் ‘கலி’ என்பது கற்றலையும் குறிக்கும். இரண்டும் குழந்தையை நோக்கிய ஏவல் வினைகள். தமிழில் ‘நலி’ வருந்துதலைக் குறிப்பதால் ஒலிபெயர்ப்பு ஈண்டுப் பொருந்தாது. ‘மகிழ்ந்து கல்’ எனப் பொருள்பெயர்க்கலாம். தமிழ்ப்பெயரோ தொழிற்பெயர்த் தொடர். கற்பவரை விளியாது செயலையே முன்னிறுத்துகிறது.

செயல் என்றதும் அட்டையை எடுத்தல், பொருத்துதல், ஏணியில் அடுத்த படிக்கு ஏறுதல் ஆகியனவே கருதப்படுகின்றன. பத்துச் சொற்களைப் படங்களோடு பிழையின்றிப் பொருத்தும் மாணவர், அவற்றுள் ஒன்றைக் கொண்டு தம் கருத்தைக் கூற இயலாதிருக்கலாம். வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசிப் பள்ளியில் கன்னடவழி பயிலும் பெங்களூர்க் குழந்தைக்கு இவ்விடைவெளி மேலும் மிகும்.

இம்முறையில் ஆசிரியர் துணையோடு கற்கும் குழு முதல் தாமே கற்கும் குழு வரை பல நிலைகள் உள. அவற்றுள் சகமாணவர் துணையோடு கற்கும் குழுவே உரையாடலுக்கு மிகுதியும் இடந்தருவது. படி கடந்ததைக் குறிக்குமுன், ‘ஏன் இப்படிப் பொருத்தினாய்?’ என்னும் வினாவிற்கு அங்கு விடை பெறுதல் வேண்டும். அவ்விடை முதலில் வீட்டுமொழியில் அமையினும் ஏற்கத்தக்கதே.