யார் நிலத்தில் தங்குகிறோம்?
ஆக்லாந்துக் குடும்பங்களின் சஃபாரித் திட்டம் பற்றி

நியூசிலாந்து மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டிகள் என்றால் வௌவால்கள் மட்டும்தான். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஆக்லாந்துப் பிள்ளைகளுக்கு விலங்குக்காட்சிச்சாலை தந்த அறிமுகம். யானையைக் காண இப்போது அங்கும் வழியில்லை. இலங்கை அரசு அன்பளிப்பாகத் தந்து 2015இல் வந்துசேர்ந்த யானை அஞ்சலி சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டாள். தனித்து நின்ற பர்மாவும் 2024இல் அங்கேயே போய்ச்சேர்ந்தாள். கூட்டமாக வாழும் உயிரைத் தனியே வைத்திருக்கக் கூடாது என்று காட்சிச்சாலையே ஒப்புக்கொண்டபின், விலங்கை அதன் இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று ஒரு குடும்பம் நினைப்பது நியாயம்தான். அந்த நினைப்பு விமானச் சீட்டாகவும் விடுதி முன்பதிவாகவும் மாறும்போது எங்கே சரியாகப் போகிறது, எங்கே தடம் மாறுகிறது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தத் திட்டமிடலின் பலத்தைச் சொல்லிவிடலாம். ஆக்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக நைரோபி போனால், துபாய்வரை மட்டுமே சுமார் 14,200 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். போக வர 35,000 கிலோமீட்டரைத் தாண்டும். நினைத்தவுடன் கிளம்பும் பயணம் இல்லை என்பதால் ஓராண்டுக்கு முன்பே பணம் சேர்க்கிறார்கள், படிக்கிறார்கள், போய்வந்தவர்களைக் கேட்கிறார்கள். தொலைவே ஒருவித ஒழுங்கைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அந்த ஒழுங்கு உண்மையாகவே பயன்படும் இடம் உடல்நலம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2016 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். நியூசிலாந்து அதைக் கேட்பதில்லை என்பதால் சிலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் நம்மவர் பலர் கென்யாவில் சிங்கம் பார்த்த கையோடு சென்னைக்குப் போய்த் தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடொன்றிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை இந்தியா 6 நாள்வரை தனிமைப்படுத்தும். கல்யாணத்துக்குப் போகிறவர் விமான நிலையத்தோடு நின்றுபோகலாம். மலேரியா மாத்திரையை வயதுக்கேற்பத் தேர்ந்தெடுத்துப் புறப்படும் முன்பே தொடங்குவது, கைக்குழந்தை இருந்தால் மலேரியா இல்லாத தென்னாப்பிரிக்கக் காப்பகங்களான மடிக்வே, பிலானஸ்பர்க், அட்டோ பக்கம் போவது என, இந்த முடிவுகளைப் பெரும்பாலான குடும்பங்கள் நன்றாகவே எடுக்கின்றன.

சில்லறை விஷயங்களிலும் முன்யோசனை கைகொடுக்கிறது. கென்யா 2017இல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்தது. பருப்புப்பொடியையும் முறுக்கையும் பிளாஸ்டிக் கவர்களில் கட்டி அடுக்கும் நம் வழக்கம் அங்கே சட்டமீறல். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து கிளம்பும் சிறு விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய பையில்தான். திரும்பி ஆக்லாந்தில் இறங்கும்போது மண் ஒட்டிய காலணியையும் மரச் சிற்பத்தையும் அறிவிக்காமல் விட்டால் 400 டாலர் அபராதம். இவையெல்லாம் தேடினால் கிடைக்கும் தகவல்கள். திட்டமிடுபவர்கள் தேடவும் செய்கிறார்கள்.

குறை தொடங்குவது நாட்காட்டியில். ஆக்லாந்துப் பள்ளிகளின் ஜூலை விடுமுறை, கிழக்கு ஆப்பிரிக்காவின் வறட்சிக் காலத்துக்குள் விழுகிறது. புல் குறைந்து, விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும் காலம் என்பதால் ஜூலைதான் சிறந்தது என்று முகவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் குடும்பங்கள் மனத்தில் வைத்திருப்பது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றைத் தாண்டும் காட்சி. கூட்டம் கென்யாவின் மாசாய் மாராவுக்குள் திரண்டு வருவது பொதுவாக ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில். 2026இல் ஆக்லாந்து விடுமுறை ஜூலை 4 முதல் 19 வரை. மழை எப்படிப் பெய்கிறதோ அப்படித்தான் மந்தை நகரும். பள்ளி நாட்காட்டி அதற்குத் தெரியாது.

கட்டணத்துக்கோ நாட்காட்டி நன்றாகவே தெரியும். மாசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கான நாள் கட்டணம் ஆண்டின் முதல் பாதியில் 100 அமெரிக்க டாலர், ஜூலை 1 முதல் 200. எட்டு வயதைக் கடந்த இரு பிள்ளைகளுடன் ஒரு தம்பதி மூன்று நாள் உள்ளே இருந்தால், பிள்ளைகளுக்கு 50 டாலர் வீதம், மொத்தம் 1,500 அமெரிக்க டாலர். நியூசிலாந்துப் பணத்தில் 2,500 டாலரைத் தொடும். தங்குமிடமும் வண்டியும் தனி. ஆக, ஜூலை முதல் பாதியில் போகும் குடும்பம் உச்சக் கட்டணம் செலுத்திவிட்டு, உச்சக் காட்சிக்கு முன்பே திரும்பிவிடக்கூடும். செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்க விடுமுறை இதைவிடப் பொருத்தம். மந்தை அப்போதும் வடக்கே இருக்கும். ஜனவரிக் கடைசியில் தான்சானியாவின் செரங்கெட்டிக்குத் தெற்கே இண்டுட்டு சமவெளியில் கன்று ஈனும் பருவம் தொடங்கும். கோடை விடுமுறையின் கடைசி வாரத்தை அதற்கு ஒதுக்கலாம். ஆற்றைத் தாண்டும் காட்சிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இந்த வாய்ப்புகளை மறைத்துவிடுகிறது.

அடுத்தது பட்டியல். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற ஐந்தும் வேட்டைக்காரர்கள் வகுத்த வரிசை. தரையில் நின்று சுடுவதற்கு அபாயமானவை எவையோ அவை. துப்பாக்கி போய்க் கேமரா வந்தபிறகும் பட்டியல் அப்படியே இருக்கிறது. இவ்வளவு தூரம் போகிறோம், எதையும் விடக்கூடாது என்ற கணக்கில் மாரா, நகூரு, அம்போசெலி, இங்கோரோங்கோரோ, செரங்கெட்டி, கடைசியில் சான்சிபார் கடற்கரை என்று 12 நாளில் அடுக்குகிறார்கள். நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் வேனில் சுற்றி முடிக்கும் கும்பகோணம் பயணம் மாதிரிதான் இதுவும்: எல்லாச் சன்னதியிலும் நின்றாயிற்று, எங்கும் உட்காரவில்லை. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். மாராவும் செரங்கெட்டியும் ஒரே புல்வெளியின் இரு பகுதிகள் என்றாலும், இடையிலுள்ள எல்லைவழி 1977 முதல் பயணிகளுக்கு மூடிக்கிடக்கிறது. சுற்றிப் போக ஒரு பகல் போய்விடும். விமானத்தில் போக வர நாலு நாள், சாலையில் நாலு நாள் என்று கழித்தால் விலங்குகளுக்கு என்ன மிஞ்சுகிறது?

இந்த அவசரம் பயணியோடு முடிவதில்லை. மூன்று நாளில் ஐந்தையும் காட்டியாக வேண்டிய ஓட்டுநர் வானொலியில் செய்தி கேட்டவுடன் விரைகிறார். மற்றவர்களும் விரைகிறார்கள். ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் வட்டம் கட்டுகின்றன. மாராவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா மிகுந்த பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கும் குட்டி சராசரி 0.2. வண்டி குறைந்த பகுதிகளில் 2.3. பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. அந்த வட்டத்தில் நிற்கும் எந்த வண்டியிலும் கெட்டவர்கள் இல்லை. நெருக்கிப் போட்ட திட்டங்கள் இருக்கின்றன.

இதைவிட ஆழமான குறை, திட்டத்தில் மனிதர்கள் இல்லாமல் போவது. செரங்கெட்டி தேசியப் பூங்கா ஆளற்ற வனமாகப் பிறக்கவில்லை. 1959இல் அங்கே மாடு மேய்த்த மாசாய் மக்கள் இங்கோரோங்கோரோ பக்கம் நகர்த்தப்பட்டார்கள். 2022 ஜூனில், செரங்கெட்டியை ஒட்டிய லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குப் பகுதியாக வரையறுக்கத் தான்சானிய அரசு எல்லைக் கற்கள் நட்டபோது மோதல் வெடித்தது. ஒரு காவலர் இறந்தார், மாசாய் மக்கள் பலர் காயமடைந்தனர், ஏராளமானோர் கென்யாவுக்குள் ஓடினர். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவின் வடமுனையிலிருந்து மகுலேகே மக்கள் 1969இல் வெளியேற்றப்பட்டு, 1998இல்தான் நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் அங்கே மீண்டும் குடியேறவில்லை. நிலத்தைக் காடாகவே வைத்து, விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கிறார்கள்.

இங்கே நமக்கு நெருக்கமான ஓர் இழையும் உண்டு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போன ஒப்பந்தக் கூலிகளைத் தொடர்ந்து நேட்டாலில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் சந்ததியினர் ஆக்லாந்திலும் இருக்கிறார்கள். நிறவெறி ஆட்சியில் குரூகரின் பெரிய முகாம்கள் வெள்ளையருக்கானவை. இந்திய வழியினர் தாங்கள் பிறந்த நாட்டின் காட்டிலேயே விருப்பம்போல் தங்க முடியவில்லை. அவர்கள் இன்று குரூகருக்குள் வண்டி ஓட்டிப்போவது வெறும் விடுமுறை இல்லை. காடு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது எப்போதும் அரசியல்தான் என்று அந்த அனுபவம் நினைவூட்டுகிறது.

அப்படியானால் எப்படிப்பட்ட ஏற்பாடு நல்லது? மாராவைச் சுற்றி மாசாய் நில உடைமையாளர்கள் தங்கள் துண்டு நிலங்களைச் சேர்த்துச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும் கன்சர்வன்சிகள், நான் அறிந்தவற்றில் சிறந்தவை. ஒல் கின்யெய் 2005இல், நபோய்ஷோ 2010இல் உருவாயின. பயணி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை மாதந்தோறும் உடைமையாளரின் கணக்கில் சேரவேண்டும் என்பது அடிப்படை விதி. சில இடங்களில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம், ஒரு விலங்கின் அருகே ஐந்து வண்டிக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. சிங்கம் உயிரோடு இருப்பதால் தன் வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறது என்று மாடு மேய்ப்பவர் உணரும்போதுதான், இரண்டு மாட்டைத் தின்ற சிங்கத்துக்கு விஷம் வைக்காமல் விடுவார்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றதும் பல கன்சர்வன்சிகளில் குத்தகை குறைந்தது. ஒரே வருமானத்தை நம்பிய ஊர் ஒரே அடியில் தடுமாறியது. மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடு. தவிரவும் கூட்டம் குறைவு என்பதன் விலை அதிகம். அறத்தோடு பார்ப்பது பணக்காரருக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், நடுத்தரக் குடும்பம் மீண்டும் நெரிசலான வட்டத்துக்குத்தான் வந்து நிற்கும்.

அந்தக் குடும்பத்துக்கு குரூகர் ஒரு நேர்மையான விடை. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, தார்ச்சாலை, வாடகைக் கார், சமையலறையுள்ள அரசுக் குடில்கள். நியூசிலாந்து போலவே இடப்பக்க ஓட்டம். வேக வரம்பு 50 கிலோமீட்டர். மாலையில் வாயில் மூடும் முன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். வழிகாட்டி இல்லாததால் சிறுத்தையைத் தவறவிடலாம். அதற்கு ஈடாக ஒரு நீர்நிலை அருகே இரண்டு மணி நேரம் சும்மா உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

முழுத் திட்டத்துக்கும் எதிரான வாதம் ஒன்றையும் கேட்டாக வேண்டும்: உலகைச் சுற்றும் தூரத்தில் முக்கால் பங்குக்கு மேல் பறந்து, கரியைக் கக்கி, இயற்கையைக் காதலிப்பது முரண் இல்லையா? முரண்தான். மரம் நட்டுக் கழித்துவிடுவதாகச் சொல்லும் சீட்டுகள் அதைத் தீர்த்துவிடாது. எப்படியும் ஊருக்குப் போகும் தமிழர், அந்தப் பயணத்திலேயே முதுமலையிலோ வில்பத்துவிலோ மூன்று நாள் சேர்த்துக்கொண்டால் கூடுதல் விமானம் இல்லாமல் யானையைக் காட்டிலேயே பார்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் இலங்கையின் மின்னேரியாக் குளத்தங்கரையில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஆனால் யாலவில் சிறுத்தைக்காக ஜீப்புகள் வரிசை கட்டுவதைப் பார்த்தவர்கள், ஊர்ப்பக்கம் போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டார்கள். நோய் தூரத்தில் மட்டும் இல்லை.

மாற்று மனப்பான்மைக்கு ஆக்லாந்தே பாடம் சொல்கிறது. மேய்ச்சலால் மொட்டையாகிக் கிடந்த திரித்திரி மத்தங்கித் தீவில் 1984 முதல் பத்தாண்டுகள் தன்னார்வலர்கள் 2,50,000க்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1948இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட தகாஹே பறவை இன்று அங்கே நடமாடுகிறது. போகிறவர்கள் பையில் எலியோ விதையோ இல்லை என்று காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பார்க்க வருபவரின் வசதியைவிடப் பார்க்கப்படுபவற்றின் வாழ்வு முதலில் என்ற விதி அங்கே யாரையும் உறுத்துவதில்லை. அதே ஆக்லாந்துக்காரர் மாராவில் மட்டும் ஓட்டுநரிடம் இன்னும் கொஞ்சம் கிட்டே போகச் சொல்கிறார்.

என் முடிவு இது. சஃபாரி கைவிட வேண்டிய வழக்கம் இல்லை. அந்தப் பணம் நின்றால் பல இடங்களில் வேலியும் உழவும் வந்துவிடும். திருத்த வேண்டியது திட்டத்தின் வரிசையை. விலங்குப் பட்டியலில் தொடங்கி, விமானம், விடுதி, கடைசியில் நேரமிருந்தால் மாசாய் கிராமத்தில் ஒரு நடனம் என்று போகும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். யார் நிலத்தில் தங்குகிறோம், அவர்களுக்கு எவ்வளவு, எப்படிப் போகிறது, இத்தனை ஏக்கருக்கு எத்தனை படுக்கை, ஒரு விலங்கருகே எத்தனை வண்டி என்ற கேள்விகளை முன்பணம் கட்டும் முன்பே முகவரிடம் கேட்கலாம். பதில் தெரியாத முகவரை விட்டுவிடலாம். ஒரே நாடு, ஒரே காடு, குறைந்தது ஐந்து இரவு. மிச்சமாகும் சாலைச் செலவும் இரண்டாம் நாட்டின் விசாவும் சேர்ந்தால், நெரிசலான காப்பகத்துக்குப் பதில் கன்சர்வன்சியில் இரண்டு இரவாவது தங்க உதவும். பட்டியலில் ஒன்றிரண்டு விலங்கு விடுபடும். வாழ்நாளில் ஒருமுறை என்று கிளம்புபவர்களுக்கு அது கடினம்தான். ஆனால் வாழ்நாளில் ஒருமுறை என்பது நம் கணக்கு. அந்தச் சிவிங்கிப்புலிக்கும் அந்த மேய்ப்பருக்கும் நம்மைப்போல் ஒருமுறை வருபவர்கள் தினமும் வருகிறார்கள். திட்டம் அவர்கள் கணக்கில் போடப்பட வேண்டும்.